போருக்குப் போகாத தாங்கிகள்

யுத்தகளத்தையே காணாத யுத்த தாங்கிகளுக்குப் புகழ் வந்து சேர்ந்திருக்கும் விந்தையை நாம் இக்காலத்திற் காண்கிறோம். ஐக்கிய அமெரிக்க இராணுவம் பரீட்சார்த்தமாகச் செய்து பார்த்துக் கைவிட்டவற்றின் பெயர்களை இன்று பள்ளிச் சிறுவர்களும் மனனமாகச் சொல்கிறார்கள். காரணம் ஒரு கணனி விளையாட்டு. மின்ஸ்க் நகரில் இயங்கிய வோர்கேமிங் நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வேர்ல்ட் ஒஃப் டாங்க்ஸ்' என்பதே அது. அணிக்குப் பதினைவராக இரு அணிகள் தத்தம் தாங்கிகளைச் செலுத்திப் பொருதும். ஒரு சமருக்குரிய நேரம் 15 நிமிடம்.

மெய்ப்போரில் ஈடுபட்ட தாங்கிகள் போதாவோ என வாசகர்கள் கேட்கலாம். போதா. விளையாட்டு ஆரம்பத்திற் பத்துப் படிகளாக வகுக்கப்பட்டிருந்தது. அமெரிக்கர் இரண்டாம் உலக யுத்தத்திற் பெரும்பாலும் செலுத்தியதோ நடுத்தர எடையுள்ள ஷேர்மன் தாங்கி. உச்சப் படிகளை நிரப்பக் கனத்த தாங்கிகள் வேண்டும். ஆதலால் விளையாட்டை ஆக்கியோர், பழைய வரைபடங்களிலும் சோதனைக் களங்களிலும் உறங்கிக் கிடந்தவற்றைத் தட்டி எழுப்பினர்.

அவற்றுள் விசித்திரமானது ரி-28. ஜேர்மனியின் மேற்கெல்லையிலிருந்த சீக்பிரீட் அரணை உடைப்பதற்கென 1943 இல் எண்ணப்பட்டது. முதலில் 8 அங்குலக் கவசமே பேசப்பட்டது. பின்னர் அது 12 அங்குலமாயிற்று. சுழலும் மேற்கூடு கிடையாது. 105 மில்லிமீற்றர் பீரங்கி முன்புறத்திலேயே பொருத்தப்பட்டது. ஆகவே 1945 இல், "தாங்கி என்பதே பொருந்தாது, பீரங்கி வண்டி என்போம்" என்று எண்ணி, ரி-95 எனப் பெயரை மாற்றினர். மறு ஆண்டே பழைய பெயர் திரும்பி வந்தது! ஐந்து வண்டிகள் செய்ய அனுமதி இருந்தும், யுத்தம் முடிந்தமையால் இரண்டுடன் வேலை நின்றது.

எடை ஏறக்குறைய 86 தொன். அதில் பாதியளவே எடையுள்ள பேர்ஷிங் தாங்கிக்குரிய 500 குதிரைவலு இயந்திரமே இதனையும் இழுத்தது. மணிக்கு 8 மைலுக்கு மேல் ஓடமாட்டாது. பாரத்தைப் பரப்புதற்காகப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சங்கிலித் தடங்கள் இருந்தன. ஒடுங்கிய வழியிற் செல்ல வேண்டுமானால் வெளித்தடங்கள் இரண்டையும் கழற்றி, ஒன்றோடொன்று பிணைத்து, பின்னே இழுத்துச் செல்லலாம். அதற்குப் பழகிய கைகளுக்கும் மணிக்கணக்கான நேரம் சென்றது. படை கொண்டுசெல்லும் பாலங்களோ இதனைத் தாங்கமாட்டா.

விளையாட்டிலே இந்த ஒரே வண்டி இரு வண்டிகளாயிற்று. நான்கு தடங்களுடையது ரி-95. வெளித்தடம் நீங்கி, சற்று மெலிந்த கவசத்துடன் நிற்பது ரி-28. முதல் யோசனையையும் முடிந்த வடிவத்தையும் தனித்தனியே பிரித்தெடுத்த சாமர்த்தியத்தை நாம் மெச்சவே செய்கிறோம். ஆமை நடையையும் மாற்றாது வைத்தார்கள். ஆடுவோர் அதற்குச் சூட்டிய பட்டப்பெயரும் ஆமையைக் கொண்டதே. ஆனால் ஏனைய வண்டிகளுக்கு ஈடுகொடுக்க வேண்டி, ரி-95 இன் மேல் 155 மில்லிமீற்றர் பீரங்கியை ஏற்றிவிட்டார்கள். அது ரி-30 என்னும் வேறொரு தாங்கிக்குரிய ஆயுதம்.

ரி-57 இன் கதை இதற்கு எதிர்மாறு. மேற்கூட்டினுள் எட்டுக் குண்டுகள் கொள்ளும் சுழல் உருளை வைத்து, தானே குண்டேற்றுமாறு அமைக்கப்பட்ட இத்திட்டம் 1957 ஜனவரியிற் கைவிடப்பட்டது. விளையாட்டில் அதற்குக் கிடைத்தவை நான்கு குண்டுகளே. எட்டும் இருந்தால் எதிரி பிழைப்பது எங்ஙனம்?

சமநிலைக்காகச் செய்த இம்மாற்றங்களிற் பெரிய குற்றம் காண நாம் முன்வரவில்லை. விளையாட்டு விளையாட்டாகவே இருத்தல் வேண்டும். நமக்கு உறுத்துவது வேறொன்று. ரி-28 இன் பெருஞ் சங்கடம் களத்துக்குப் போய்ச் சேர்வதிலேயே இருந்தது. கப்பலில் ஏற்றுவது, பாலத்தைக் கடப்பது, தடங்களைக் கழற்றிப் பூட்டுவது ஆகிய எதுவும் திரையில் இல்லை. தாங்கி களத்தில் நிற்கும்போதே ஆட்டம் தொடங்குகிறது. பொறியியலாளரை முறியடித்த காரணம் மறைந்துவிட, "இத்துணை வல்லமையுள்ளதை ஏன் கைவிட்டார்கள்?" என்று வியக்கிறான் நம் வீட்டுப் பையன். வண்டிக்கு வண்டி சிறு சரித்திரக் குறிப்பொன்று விளையாட்டில் உண்டு. அதனுடன், பீரங்கி எங்கிருந்து வந்தது, கவசத்தில் எவ்வளவு மெய், எவ்வளவு அனுமானம் என இரண்டு வரி கூட்டினால் ஆட்டத்தின் சுவை குன்றிவிடுமென நாம் கருதவில்லை.

மெய்யான வண்டிகள் இரண்டில் ஒன்று 1947 இல் யூமா சோதனைக் களத்தில் தீப்பற்றி அழிந்தது. மற்றையது எங்கே போயிற்றென எவரும் கவனிக்கவில்லை. 1974 இல் வேர்ஜீனியாவின் போர்ட் பெல்வோர் முகாமிலே, பின்புறத்து வெளியொன்றிற் கேட்பாரற்றுக் கிடக்கக் கண்டெடுத்தார்கள். கென்டக்கியில் நெடுங்காலம் நூதனசாலைப் பொருளாயிருந்து, பின்னர் ஜோர்ஜியாவின் போர்ட் பென்னிங் முகாமுக்கு மாற்றப்பட்டது. முன்னே நீண்டிருப்பது பழைய 105 மில்லிமீற்றர் பீரங்கிதான்.