குழந்தைகளுடன் கேரவன் நெடும்பயணம்

கேரவன் நெடும்பயணம் என்பது படுக்கை, சமையலிடம், தண்ணீர்த் தொட்டி, கழிப்பிடம் ஆகியவை பொருத்தப்பட்ட வண்டியையே வீடாகக் கொண்டு மாதக்கணக்கில் ஊர் ஊராகச் செல்லும் பயண முறையாகும். தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையிலும் இது இடம்பெற்றுள்ளது. இவை பெரும்பாலும் சில நாள் சுற்றுலாவை மனத்தில் கொண்டவை. சிறு குழந்தைகளுடன் ஆறு மாதம், ஓராண்டு என்று கிளம்பும் குடும்பத்தின் கவலைகள் வேறு. பள்ளி, தடுப்பூசி, சமையல் எரிவாயு என எல்லாமே நிலையான முகவரியை ஒட்டி அமைந்திருக்கின்றன.

ஆனால் முகவரி மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. திருவள்ளூர், காஞ்சிபுரம் வட்டாரச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குழந்தை குட்டிகளோடு வந்து பல மாதம் தங்குவோர் உண்டு. அவர்கள் வருவது விருப்பத்தால் அல்ல, பிழைப்புக்காக. அத்தகைய குழந்தைகளுக்கும் பயன்படும்படி எழுதப்பட்ட சட்டப் பிரிவுகள்தாம் கேரவன் குடும்பத்துக்கும் கைகொடுக்கின்றன.

பள்ளிக்கூடம்

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு உரியது. குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. வீட்டுவழிக் கல்விக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆகவே ஆறு வயதுக்கு முன்பே பயணத்தை முடித்துக்கொள்வதுதான் சிக்கல் குறைந்த வழி.

பெரிய குழந்தை இருந்தால் 4, 5ஆம் பிரிவுகளை அறிந்திருக்க வேண்டும். இடையில் படிப்பு விட்டுப்போன குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. எந்தக் காரணத்துக்காகவும், மாநிலம் விட்டு மாநிலமும்கூட, அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாற்றம் கோரலாம் என்பது 5ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. தனியார் பள்ளிகளுக்கு இந்த மாற்ற உரிமை பொருந்தாது. தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பகுதிகளில் தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்: விட்டுச் சென்ற இடம் திரும்பி வரும்போது காலியாக இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வித் திட்டம் மற்றொரு வழி. அதன் அ, ஆ, இ நிலைகள் முறையே 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையானவை.

தடுப்பூசி

தேசிய அட்டவணைப்படி பிறந்தவுடன் தொடங்கி 6, 10, 14 வாரங்களிலும், 9 மாதம் நிறைந்ததும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும், 5 முதல் 6 வயதுக்குள்ளும் தடுப்பூசிகள் போடப்படுகின்றன. கைக்குழந்தையோடு செல்பவர்கள் வழித்தடத்தைவிட முதலில் இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்வது நல்லது. எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இவை இலவசம். தாய்-சேய் நல அட்டை கையில் இருக்க வேண்டும். யு-வின் தளத்தில் பதிவு இருந்தால் அட்டை தொலைந்தாலும் விவரம் கிடைக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி குறிப்பிட்ட மாவட்டங்களில் மட்டுமே போடப்படுவதால், அம்மாவட்டங்களில் தங்கப்போகிறவர்கள் குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

வண்டி

பலர் டெம்போ டிராவலர் போன்ற வேனை வாங்கி உள்ளே மாற்றியமைக்க நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. உள்ளே கட்டில் போட்ட பிறகு அனுமதி கேட்பதைவிட, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குவது செலவைக் காக்கும். கேரவன்களுக்கு ஏஐஎஸ்-124 என்ற தனித் தரநிலை உண்டு. ஒரே வெளிமாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும்.

வண்டி ஓடும்போது குழந்தைகள் கட்டிலில் படுத்திருக்கக் கூடாது. கேரவன் விளம்பரப் படங்கள் இதை மறக்கச் செய்கின்றன. 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஓட்டினால் 194பி பிரிவின்கீழ் 1,000 ரூபாய் அபராதம். திடீரென பிரேக் அடித்தால் படுத்திருக்கும் குழந்தை தூக்கியெறியப்படும் என்பதுதான் பெரிய காரணம்.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டி வாங்கலாம். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே வண்டியின் அடிப்பகுதியில் காற்றுத் திறப்பு வேண்டும், கதவைத் திறந்துவைத்தே சமைக்க வேண்டும்.

வெயில், தூரம், மழை

வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பத்து நிமிடத்திலேயே வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடக்கூடும். குழந்தையின் உடல் பெரியவர்களைவிட விரைவாகச் சூடேறும். கடைக்குப் போய்வரும் நேரத்துக்குக்கூட குழந்தையை உள்ளே விட்டுச் செல்லக் கூடாது.

தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி சாலை தெற்கே செல்கிறது. பெருங்களத்தூரில் புறவழிச்சாலையும் வண்டலூரில் வெளிவட்டச் சாலையும் வடக்கே பிரிகின்றன. திருச்சி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பெரியவர்களுக்கு அது அரை நாள் ஓட்டம். மூன்று வயதுக் குழந்தையோடு இரண்டு நாளாக்கிக்கொள்வதே நல்லது. முதல் ஒத்திகைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள மாமல்லபுரம் போதும். இரண்டு இரவு தங்கினால் தொட்டித் தண்ணீர் எத்தனை நேரம் வரும், குழந்தை எங்கே தூங்கும் என்பது தெரிந்துவிடும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் தேவை. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அந்த மாதங்களில் ஊர் திரும்புவோர் வண்டியை மேடான இடத்தில் நிறுத்த முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.