மெதுவாக அணையும் ராஸ்

மனித உடலின் செல்கள் தம் விருப்பப்படி பெருகுவதில்லை. வெளியிலிருந்து ஒரு வளர்ச்சிக் காரணி வந்து செல்சவ்வில் உள்ள ஏற்பியைப் பற்றினால்தான், பிரியலாம் என்ற செய்தி உள்ளே போகும். அது உட்கருவை நோக்கிப் போகும் வழியில் சவ்வின் உட்புறம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது ராஸ் என்ற சிறு புரதம். அதன் நீளம் 188 அல்லது 189 அமினோ அமிலங்கள்தாம். ஆனால் கணையத்தில் மிகப் பரவலாகத் தோன்றும் புற்றுநோயை எடுத்துக்கொண்டால், பத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ராஸ் குடும்பத்தைச் சேர்ந்த கே-ராஸ் பழுதாகியிருக்கிறது. பாடநூல்கள் ராஸை ஒரு சுவிட்ச் என்று அறிமுகப்படுத்திவிட்டு, அது எப்படி இயக்கப்படுகிறது என்பதை விரிவாகச் சொல்கின்றன. சுவிட்ச் வைத்த நிலையிலேயே நிற்கும். ராஸ் அப்படி நிற்பதில்லை. இயங்கத் தொடங்கிய கணத்திலிருந்தே அது அணையும் பாதையில் இருக்கிறது. எவ்வளவு மெதுவாக, யார் துணையோடு அணைகிறது என்பதில்தான் அந்தப் புரதத்தின் உண்மையான திறமை அடங்கியிருக்கிறது என்பது என் வாதம்.

அதன் அமைப்பே இதற்கு முதல் சான்று. ராஸின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அதில் குவானோசின் டைபாஸ்பேட் அமர்ந்திருந்தால் புரதம் ஓய்வில் இருக்கும். டிரைபாஸ்பேட் அமர்ந்தால் இயங்கும். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு பாஸ்பேட். அந்த மூன்றாவது பாஸ்பேட்டை 35ஆம் இடத்தில் உள்ள திரியோனினும் 60ஆம் இடத்தில் உள்ள கிளைசினும் ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றுகின்றன. அவை பற்றும்போது புரதத்தின் இரண்டு வளையங்கள் உள்நோக்கி இழுபட்டு ஒரு குறிப்பிட்ட வடிவம் பெறுகின்றன. ராஃப் என்ற அடுத்த புரதத்தால் அந்த வடிவத்தில் மட்டுமே இறுகப் பிணைய முடியும். பாஸ்பேட் வெட்டுப்பட்டு விலகியதும் வளையங்கள் தளர்கின்றன, ராஃப் கழன்றுகொள்கிறது. வெட்டும் வேலையைச் செய்வதும் ராஸேதான். அவ்வகையில் அது ஒரு நொதி. ஆனால் மிக மந்தமான நொதி. உடல் வெப்பநிலையில் தனியே விட்டால், இயங்கும் ராஸ் மூலக்கூறுகளில் பாதி அணைவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிறது.

இயக்குவதுதானே முக்கியம், சாஸ் என்ற புரதம் வந்து டைபாஸ்பேட்டை வெளியேற்றாவிட்டால் எதுவும் நடக்காதே என்று கேட்கலாம். உண்மைதான், அந்தப் படியைத் தவிர்க்க முடியாது. ஆனால் சாஸ் செய்வது பள்ளத்தைத் திறப்பது மட்டுமே. செல்லுக்குள் டைபாஸ்பேட்டைவிட டிரைபாஸ்பேட் பல மடங்கு மிகுதி என்பதால், பள்ளம் காலியானால் அதில் வந்து அமர்வது பெரும்பாலும் டிரைபாஸ்பேட்தான். திறந்துவிட்டால் இயங்குவது இயல்பாக நடந்துவிடுகிறது. அணைவதற்கோ ஒரு வேதிப் பிணைப்பை உடைத்தாக வேண்டும்.

அப்படியானால் பரிணாமம் ஏன் இவ்வளவு மந்தமான நொதியை விட்டுவைத்தது? ராஸ் தானே விரைந்து வெட்டுமானால் செய்தி ராஃபை அடையும் முன்பே அழிந்துபோகும். மந்தமாக இருப்பதால் அணைக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு வேறு புரதங்களின் கைக்குப் போகிறது. கேப் எனப்படும் அந்தப் புரதங்கள் வெட்டும் வேகத்தை லட்சம் மடங்கு அளவுக்கு உயர்த்துகின்றன. அது எப்படி என்பதை 1997இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் விட்டிங்ஹோஃபர் குழுவினர் படிக அமைப்பிலிருந்து காட்டினார்கள். கேப் தன் ஆர்ஜினின் ஒன்றை ராஸின் பள்ளத்துக்குள் நீட்டுகிறது. அது பாஸ்பேட்டின் மின்னேற்றத்தைச் சமன்செய்து, 61ஆம் இடத்துக் குளுட்டமினை உரிய நிலையில் நிறுத்துகிறது. ஆர்ஜினின் நுழையும் அந்த இடுக்கில் இருப்பது 12ஆம் அமினோ அமிலமான கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான், பக்கக்கிளை என்று ஒன்று அதற்குக் கிடையாது. ஏறக்குறைய வேறு எந்த அமினோ அமிலம் அங்கே வந்தாலும் இடம் அடைபடுகிறது, கேப் தோற்றுப்போகிறது.

இந்த அமைப்பு தெரியவருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, 1982இல், அமெரிக்காவில் வைன்பெர்க், பார்பாசித், விக்லர் ஆகியோரின் மூன்று குழுக்கள் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்லில் ராஸ் மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டிருந்தன. 12ஆம் கிளைசின் இருந்த இடத்தில் வாலின் வந்திருந்தது. ராஸில் ஒரு பழுதும் இல்லாமலேயே கேப் மட்டும் கெட்டுப்போவதும் உண்டு. நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் முதல் வகை என்ற பரம்பரை நோயில் கேப் புரதங்களில் ஒன்றான நியூரோஃபைப்ரோமினின் மரபணு பழுதாகிறது. நரம்புகளை ஒட்டிக் கட்டிகள் தோன்றுகின்றன. அணைப்பவர் இல்லாமல் போனாலே நோய் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஓர் எழுத்துப் பிழை மட்டுமே புற்றுநோயை உண்டாக்கிவிடுமா என்ற ஐயமும் நியாயமானதுதான். உண்டாக்கிவிடாது. ராஸ் மாற்றம் கொண்ட நுண்ணிய மாறுபாடுகள் கணையத்தில் தோன்றியும் பல புற்றாக மாறுவதேயில்லை; வேறு மரபணுக்களும் கெட வேண்டும். ஆனாலும் பல புற்றுநோய்களில் தொடக்கப் படிகளில் ஒன்றாக இந்த மாற்றம் இருக்கிறது.

மருந்தின் வரலாறும் இதே பக்கம்தான் சாய்கிறது. டிரைபாஸ்பேட்டை ராஸ் மிக இறுக்கமாகப் பற்றுவதால், அதனோடு போட்டியிட்டுப் பள்ளத்தில் அமரக்கூடிய மருந்தைச் செய்ய முடியவில்லை. மருந்துக்கு வசப்படாத புரதம் என்றே பல பத்தாண்டுகள் ராஸைச் சொல்லிவந்தார்கள். 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் கெவன் ஷோகாட் குழுவினர் வேறு வழி கண்டார்கள். 12ஆம் இடத்தில் சிஸ்டீன் வந்துள்ள ராஸில், இரண்டாம் வளையத்தின் கீழே ஒரு புதிய குழி இருந்தது. அதில் அமரும் மூலக்கூறு சிஸ்டீனோடு நிரந்தரமாகப் பிணைந்தது. அந்த வழியில் வந்த சோட்டோராசிப், 2021 மே மாதத்தில் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. இந்த மருந்து பிடிப்பது ஓய்வில் உள்ள ராஸைத்தான். கேப் தோற்றுவிட்ட பிறகும் சிஸ்டீன் வகை ராஸ் தன் சொந்த மந்த வேகத்தில் அணைந்துகொண்டே இருக்கிறது. அப்படி அணையும் ஒவ்வொரு முறையும் மருந்திடம் சிக்குகிறது. அந்தச் சொற்பத் திறனும் இல்லாவிட்டால் மருந்துக்குப் பிடி கிடைத்திருக்காது. இயங்கும் ராஸையே பிடிக்கும் மருந்துகளும் இப்போது சோதனையில் இருக்கின்றனவே என்றால், அவை வெல்லட்டும். அவற்றின் தேவையே கேப் விட்டுச்சென்ற வேலையிலிருந்துதான் எழுகிறது. சோட்டோராசிப்பால் கட்டி சுருங்கியவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் மீண்டும் தலைதூக்குகிறது. கணையப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படுவது 12ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் வரும் மாற்றம். அங்கே பிணைந்துகொள்ள சிஸ்டீன் இல்லை என்பதால் அந்த மாற்றம் உள்ள நோயாளிகளுக்குச் சோட்டோராசிப் பயன்படாது.