பனிநாட்டு நெடுமகன்

கூடைப்பந்து ஆட்டத்தை அறியாத மாணவர் நம்முள் இலர். 1891-ஆம் ஆண்டில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஸ்பிரிங்பீல்டு நகரில், வாலிபர் கிறிஸ்தவ சங்கப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், குளிர்காலத்தில் வெளியே சென்று விளையாட இயலாத மாணவர்க்கென இதனை வகுத்தார். அன்று அவர் மாட்டுவித்த பழக்கூடை தரையினின்றும் 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றும் வளையத்தின் உயரம் அதுவே. குளிரை முன்னிட்டுப் பிறந்த இவ்வாட்டம் குளிருக்கே பெயர்போன ஒரு நாட்டிற் சென்று வேரூன்றியதும், அந்நாட்டினின்று புறப்பட்ட ஒருவர் பெற்றதும் இழந்ததுமே இக்கட்டுரையின் பொருளாம்.

ஐஸ்லாந்து வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஒரு தீவு. எரிமலையும் பனிப்பாறையும் ஒருங்கே அமைந்த அந்நாட்டில், 1980-ஆம் ஆண்டையடுத்து வாழ்ந்த மக்கள் ஏறக்குறைய 2,30,000 பேரே. மார்கழித் திங்களில் அங்கே பகற்பொழுது நாலைந்து மணி நேரமே என்று கூறின் மிகையாகாது. ரெய்க்யவிக் நகரில் அக்காலத்தே ஞாயிறு தோன்றி மறைவது நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட அளவிற்றாம். ஆதலின், கூரையின்கீழ் ஆடத்தக்க விளையாட்டுக்கள் அம்மக்கட்கு மிகவும் இனியவாயின. கூடைப்பந்து ஆட்டத்துக்கென ஒரு சம்மேளனம் 1961-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்டது.

இச்சிறு நாட்டின் தலைநகரில் 1958-ஆம் ஆண்டு பிறந்தவரே பியேத்தூர் குத்முண்ட்ஸன். நம் வேதநூலில் 'பேதுரு' என வழங்கும் பெயரே அந்நாட்டு மொழியில் 'பியேத்தூர்' ஆயிற்று. 'குத்முண்ட்ஸன்' என்பது குத்முண்டூர் என்பாரின் மகன் எனப் பொருள்படும். அந்நாட்டார் குடும்பப் பெயரால் அன்றித் தத்தம் பெயராலேயே ஒருவரை ஒருவர் அழைப்பர். இது நமக்குப் புதுமையன்று. ஆதலின் யாமும் அவரைப் பியேத்தூர் என்றே குறிப்பாம். அவர்தம் உயரம் 7 அடி 2 அங்குலம். நிமிர்ந்து நின்ற அளவிலே அவர் தலைக்கும் வளையத்துக்கும் இடையே மூன்றடியினும் குறைந்த தொலைவே இருந்ததென்க.

அவர் அமெரிக்கா சென்று, சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று, அதன் அணியில் ஆடினார். 1981-ஆம் ஆண்டில் போர்ட்லண்டு அணியினர் அவரை 61-ஆம் தேர்வாகத் தெரிந்தெடுத்தனர். அமெரிக்கத் தேசீயக் கூடைப்பந்துச் சங்கத்தின் ஆட்டக்களத்தில் ஐஸ்லாந்தர் ஒருவர் அடிவைத்தது அதுவே முதன்முறை. அவ்வாண்டுப் பருவத்தின் 82 ஆட்டங்களுள் 68-இல் அவர் ஆடினார். பின்னர் மூன்றாண்டுகள் அச்சங்கத்தில் அவருக்கு இடம் வாய்க்கவில்லை. மனந்தளராது வேறு களங்களில் ஆடிவந்த அவரை, 1985–86-ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி ஏற்றுக்கொண்டது. கரீம் அப்துல் ஜபார், மாஜிக் ஜான்சன் முதலிய பெருவீரர் விளங்கிய அணி அது. 1987-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் சான் அந்தோனியோ அணிக்கு மாற்றப்பட்டார். ஆண்டு 1987–88-இல் 69 ஆட்டங்களும், அடுத்த ஆண்டில் 5 ஆட்டங்களும் ஆடி அச்சங்கத்தை விட்டு நீங்கினார். ஆக, அவர் ஆடிய பருவ ஆட்டங்கள் 150 ஆம்.

இவ்வளவே கூறி நிறுத்தின், இஃது ஒருவர் பெற்ற பேற்றின் வரலாறாகவே முடியும். அப்பேற்றுக்கு அவர் கொடுத்த விலையையும் அறிதல் வேண்டும்.

அக்காலத்துச் சர்வதேசச் சம்மேளனத்தின் விதிப்படி, மேற்கூறிய அமெரிக்கச் சங்கத்தில் ஆடியவர் எவரும் தம் நாட்டு அணியில் ஆடுதல் கூடாது. பொருளுக்காக ஆடுவோரை விலக்குவதே அவ்விதியின் நோக்கம் என்பர். ஆனால் இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளின் கழகங்களில் ஊதியம் பெற்று ஆடினோர்க்கு அத்தடை இல்லை. விலக்கப்பட்டது ஊதியமன்று, ஒரு களமே என்பது இதனால் விளங்கும். இருபத்து மூன்றாம் வயதில் பியேத்தூர் அக்களம் புகுந்தபோது, தாய்நாட்டுச் சட்டையைக் கழற்றி வைக்கலானார். பெருநாடு ஒன்று தன் வீரருள் ஒருவரை இழப்பின் வேறொருவரைத் தேடிக்கொள்ளும். ஏழடி உயரத்து வீரர் வேறொருவரை இச்சிறு நாடு எங்கே தேடும்?

இதே தடையை எதிர்ப்பட்ட வேறொருவர் வேறு வழி கொண்டதும் உண்டு. பிரேஸில் நாட்டு ஆஸ்கார் ஷ்மிட் என்பாரை 1984-ஆம் ஆண்டில் நியூ ஜெர்ஸி அணி தெரிந்தெடுத்தது. தம் நாட்டு அணியை விட மனமின்றி அவர் அதனை மறுத்தார். 1987-ஆம் ஆண்டில் இண்டியானாபொலிஸ் நகரில் நிகழ்ந்த அமெரிக்க கண்ட விளையாட்டு விழாவின் இறுதி ஆட்டத்தில், ஐக்கிய நாட்டு அணியைப் பிரேஸில் 120–115 என வென்றபோது, அவர் ஒருவரே 46 புள்ளிகள் ஈட்டினார்.

இவ்விருவருள் எவர் செய்தது சரி? சென்றவர் தம் நாட்டார்க்கு அதுவரை இல்லாத ஒரு பாதையைத் திறந்தார். நின்றவர் தம் நாட்டார்க்கு வெற்றி தேடித் தந்தார். இருவரையும் இவ்வாறு ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்ளச் செய்த விதியே பிழையுடையதென்பது எம் கருத்து.

1989-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மியூனிக் நகரில் கூடிய சம்மேளனம், 56 வாக்குக்கு 13 வாக்காக, அத்தடையை நீக்கிற்று. கதவு திறந்தது, ஆயின், பியேத்தூரின் அமெரிக்க ஆட்டம் முடிவுற்ற பருவமும் அதுவே. முப்பது வயதைக் கடந்தபின்னரே அவர் மீண்டும் தாய்நாட்டுச் சட்டையை அணிந்தார். நாட்டார் அவரை மறந்தாரல்லர். 2001-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சம்மேளனம் அவரை இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனத் தெரிந்து சிறப்பித்தது.

பின்வந்தோர்க்கு அவ்விடர் இல்லை. யோன் ஆர்னோர் ஸ்தெபான்சன் என்பார் 2003-ஆம் ஆண்டில் டல்லாஸ் அணியினரோடு ஒப்பந்தம் செய்தும், பின்னர் இத்தாலி, ஸ்பெயின் நாடுகளில் ஆடியும், தாய்நாட்டு அணியைத் துறக்க நேர்ந்திலது. 2015-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து முதன்முறையாக ஐரோப்பியப் போட்டியின் இறுதிச் சுற்றை எய்தி, பெர்லின் நகரில் ஆடியபோது, அவர் அவ்வணியின் முன்னணியில் நின்றார். ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் அவர்கள் தோற்றனர். துருக்கியோடு ஆடிய இறுதி ஆட்டம் மட்டும் மிகைநேரம் வரை நீண்டது. தோற்றும் அவர்கள் நாணவில்லை. தம் வீரர் அனைவரையும் ஒருங்கே களத்தில் நிறுத்தும் உரிமையோடு தோற்றனர். பியேத்தூரின் இளமையில் அந்நாட்டுக்கு வாய்க்காதது அவ்வுரிமையே.