புரதக் கைனேஸ் படிகங்களில் உலோகத்தின் பங்கு

உலோகச் சேர்மம் ஒன்று மருந்தாகப் பயன்பட வேண்டுமெனில், அதன் உலோக அணு உயிர்மூலக்கூறுடன் நேரடியாகப் பிணைய வேண்டும் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. சிஸ்பிளாட்டினின் வெற்றி இதற்கு முதன்மைக் காரணமாகும். அதன் பிளாட்டினம் டிஎன்ஏவின் நைட்ரஜன் அணுக்களுடன் பிணைகிறது. எரிக் மெகர்ஸ் குழுவினர் உருவாக்கிய கைனேஸ் தடுப்பான்களின் படிகக் கட்டமைப்புகள் இதற்கு மாறான ஒரு வழியைக் காட்டின.

மனித மரபுத்தொகையில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட புரதக் கைனேஸ்கள் உள்ளன. இவை அனைத்தும் ஏடிபியைப் பயன்படுத்துவதால், அது பொருந்தும் குழிகளும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்துள்ளன. மண்வாழ் பாக்டீரியத்திலிருந்து 1977இல் பிரித்தெடுக்கப்பட்ட ஸ்டாரோஸ்போரின் இக்குழியில் நன்கு பொருந்தினும், வேறுபாடின்றிப் பல கைனேஸ்களைத் தடுக்கிறது. மெகர்ஸ் குழுவினர் அதன் தட்டையான வளைய அமைப்பைப் பின்பற்றி, சர்க்கரைப் பகுதியின் இடத்தில் உருத்தேனியம் அணைவை அமைத்தனர்.

பிம்-1 கைனேஸுடன் இணைந்த இத்தகைய சேர்மங்களின் கட்டமைப்பு 2006இல் வெளியிடப்பட்டது. தட்டையான ஈந்தணைவி ஏடிபியின் அடினின் இருக்கும் இடத்தை நிரப்புகிறது. அதன் இமைடு தொகுதி, கீல் பகுதியிலுள்ள குளூட்டமிக் அமிலம்-121 உடன் ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது. ஏனைய கைனேஸ்களில் வழக்கமாகக் காணப்படும் மற்றொரு கீல் பிணைப்புக்கு இங்கு வாய்ப்பில்லை. அதற்குரிய இடத்தில் நைட்ரஜன்-ஹைட்ரஜன் தொகுதியற்ற புரோலின்-123 அமைந்துள்ளது. கார்பன் மோனாக்சைடு ஈந்தணைவி கிளைசின் மிகுந்த வளைவை நோக்கி நிற்கிறது. உருத்தேனியமோ புரதத்தின் எந்த அணுவுடனும் பிணையவில்லை.

உலோகம் சட்டகமாக மட்டுமே செயற்படுகிறது எனில், அதை மாற்றினும் பிணையும் முறை மாறலாகாது. இச்சோதனை 2008இல் நிறைவேறியது. லாந்தனைடு குறுக்கத்தால் ஆஸ்மியம் ஏறக்குறைய உருத்தேனியத்தின் பருமனையே கொண்டது. அதைக் கொண்டு அமைத்த சேர்மம் பிம்-1இன் குழியில் ஏறத்தாழ அதே நிலையில் அமர்ந்தது. சட்டகக் கருத்துக்கு இதனினும் நேரடியான சான்று அரிது.

சட்டகம் மட்டுமே தேவையெனில் கார்பன் போதாதா என்னும் வினா நியாயமானதே. விடை வடிவியலில் உள்ளது. வெவ்வேறான நான்கு தொகுதிகளைத் தாங்கும் நான்முகிக் கார்பன் 2 மாற்றியங்களையே தரும். வெவ்வேறான ஆறு ஈந்தணைவிகள் சூழ்ந்த எண்முகி மையம் 30 தரும். பாக்-1 போன்ற அகன்ற குழியுடைய கைனேஸுக்கு ஏற்ற பருமனான, வளையாத தடுப்பான்களை அமைக்க இதுவே வழிவகுத்தது.

எனினும் படிகம் காட்டுவது குழியில் அமர்ந்த நிலையை மட்டுமே. உயிரணுவிலுள்ள தயால்கள் முன்னிலையில் ஈந்தணைவிகள் இடம்பெயராமல் நிலைக்கின்றனவா என்பதை ஒவ்வொரு சேர்மத்திற்கும் தனியே சோதித்தல் வேண்டும்.