‘என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது!’ - வெப்சைட் பிரச்சினையை லோக்கல் சர்வரில் பிடிப்பது எப்படி?

ஐடி நிறுவனங்களில் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு. ‘என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது!’. டெவலப்பரின் லேப்டாப்பில் சட்டென்று திறக்கும் பக்கம், வாடிக்கையாளரின் போனில் சுற்றிக்கொண்டே இருக்கும். இதை வெறும் சாக்கு என்று பலரும் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால், கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலை தொடங்குவதே அந்த ‘என் மெஷின்’ல்தான்.

அங்கே கிடைக்கும் வசதிகள் என்னென்ன? அதே வசதிகளைத் தவறுதலாக இணையத்தில் திறந்துவிட்டால் என்ன ஆகும்? 2015-ல் ஒரு பிரபல இணையதளத்துக்கு நேர்ந்ததையும் சேர்த்துப் பார்ப்போம்.

லோக்கல் சர்வர் என்றால் என்ன?

ஒரு வெப்சைட்டைத் திறக்கும்போது, எங்கோ இருக்கும் சர்வரிடம் நம் பிரவுசர் பக்கத்தைக் கேட்கிறது. லோக்கல் சர்வர் என்பது அந்த சர்வர் வேலையை நம் லேப்டாப்பே செய்வது. கேட்பதும் கொடுப்பதும் ஒரே கணினி.

அதன் முகவரி 127.0.0.1. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பெயர் பொதுவாக இதைத்தான் குறிக்கும். இந்த முகவரிக்குப் போகும் எதுவும் கணினியைத் தாண்டி வெளியே போகாது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோவில் ‘ரன்சர்வர்’ என்று கட்டளை கொடுத்தால் 8000 என்ற போர்ட்டில் சைட் ஓடத் தொடங்கும். ஃபிளாஸ்க் என்றால் 5000.

டீபக் மோடில் இந்த சர்வர்களுக்கு இரண்டு குணங்கள் உண்டு. கோடில் ஒரு வரியை மாற்றி சேவ் செய்தாலே தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஏதாவது தவறு நடந்தால், எந்த ஃபைலில் எந்த வரியில் நடந்தது, அப்போது எந்த மாறியில் என்ன மதிப்பு இருந்தது என்று எல்லாவற்றையும் பிரவுசரிலேயே கொட்டிவிடும்.

பிரின்ட் போட்டுப் பார்த்தால் போதாதா?

கோடில் ஆங்காங்கே ‘பிரின்ட்’ போட்டு, ‘இங்க வரைக்கும் வருதா?’ என்று பார்ப்பதுதான் பலரும் முதலில் கற்றுக்கொள்ளும் வழி. சின்னப் பிழைக்கு அது போதும். ஆனால், ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு பிரின்ட் சேர்த்து, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பிரேக்பாயின்ட் இந்த அலைச்சலைக் குறைக்கிறது. குறிப்பிட்ட வரி வந்ததும் புரோகிராம் அப்படியே நின்றுவிடும். அந்த நொடியில் எந்த மாறியையும் எட்டிப் பார்க்கலாம், ஒவ்வொரு வரியாக நகரலாம், அந்த இடத்துக்கு யார் அழைத்து வந்தார்கள் என்று பின்னோக்கியும் போகலாம். பைத்தான் 3.7 பதிப்பிலிருந்து இதற்கு ‘பிரேக்பாயின்ட்’ என்ற ஒரே ஒரு வரி போதும். வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வரை இப்படி நடுவில் நிறுத்த முடியாது. லோக்கலில் எத்தனை முறை நிறுத்தினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

‘ஸ்லோ’வுக்கு யார் காரணம்?

பிழை இல்லை, பக்கம் வருகிறது, ஆனால் மெதுவாக வருகிறது. இது வேறு வகைப் பிரச்சினை. இங்கேதான் பலர் ஊகத்தில் இறங்குவார்கள். ‘அந்த லூப்தான் காரணமா இருக்கும்’ என்று இரண்டு நாள் உட்கார்ந்து கோடை மாற்றி எழுதுவார்கள். வேகம் கூடியிருக்காது.

மாசக் கடைசியில் சம்பளம் எங்கே போச்சு என்று தெரிய பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கிறோம் அல்லவா? கோடுக்கான ஸ்டேட்மென்ட்தான் புரொஃபைலர். பைத்தானுடனேயே வரும் ‘சி-புரொஃபைல்’ என்ற கருவி, எந்த ஃபங்ஷன் எத்தனை முறை ஓடியது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும்.

அதில் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்த ஃபங்ஷனுக்குள் மட்டும் செலவான நேரம். இன்னொன்று, அது அழைத்த மற்ற ஃபங்ஷன்களையும் சேர்த்த மொத்த நேரம். முதல் எண் சிறியதாகவும் இரண்டாவது பெரியதாகவும் இருந்தால், அந்த ஃபங்ஷன் யாருக்காகவோ காத்திருக்கிறது என்று பொருள். வெப் அப்ளிகேஷன்களில் பெரும்பாலும் அந்த ‘யாரோ’ டேட்டாபேஸ்தான்.

ஒரு பக்கத்துக்கு 51 கேள்விகள்

ஒரு ஷாப்பிங் சைட்டில் கடைசி 50 ஆர்டர்களைக் காட்டும் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆர்டருக்குப் பக்கத்திலும் வாடிக்கையாளர் பெயர் வர வேண்டும். கோடைப் பார்த்தால் நான்கே வரிகள்தான். ஆனால், ஆர்டர் பட்டியலைக் கேட்க ஒரு கேள்வி, பிறகு ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக 50 கேள்விகள் என மொத்தம் 51 முறை டேட்டாபேஸுக்குப் போய் வருகிறது.

மளிகைக் கடைக்கு ஒரு லிஸ்ட்டோடு போகாமல், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நடை போவது மாதிரி. இதை ‘என் பிளஸ் ஒன்’ பிரச்சினை என்பார்கள்.

லேப்டாப்பில் டேட்டாபேஸும் அதே கணினியில் இருக்கிறது. ஒரு நடைக்கு 1 மில்லி செகண்ட் என்றால் 51 மில்லி செகண்ட்தான், கண்ணுக்கே தெரியாது. நிஜ சர்வரில் டேட்டாபேஸ் வேறு கணினியில் இருக்கும். ஒரு நடைக்கு 5 மில்லி செகண்ட் என்றாலும் 255 ஆகிவிடும். பட்டியல் 500 ஆனால், இரண்டரை செகண்ட். ‘என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது’ என்பதன் பின்னால் பல நேரம் இருப்பது இந்தக் கணக்குதான்.

‘ஜாங்கோ டீபக் டூல்பார்’ போன்ற கருவியை லோக்கலில் சேர்த்தால், ஒரு பக்கத்துக்கு எத்தனை கேள்விகள் போயின என்று ஓரத்திலேயே காட்டிவிடும். 51 என்ற எண்ணைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிடும். ஜாங்கோவில் ‘செலக்ட் ரிலேட்டட்’ என்று சேர்த்தால், ஆர்டரும் பெயரும் ஒரே கேள்வியில் சேர்ந்தே வந்துவிடும்.

லேப்டாப் காட்டும் வேகத்தை நம்பலாமா?

அப்படியே நம்பக் கூடாது. லோக்கலில் நெட்வொர்க் தாமதம் கிடையாது. டேட்டாபேஸில் சோதனைக்காகப் போட்ட 20 வரிகள்தான் இருக்கும். பயன்படுத்துவதும் ஒரே ஆள். எனவே:

* நிஜ அளவுக்கு நெருக்கமாக, போலித் தகவல்களை ஆயிரக்கணக்கில் நிரப்பிச் சோதியுங்கள். வாடிக்கையாளர்களின் உண்மைத் தகவலை லேப்டாப்புக்குக் கொண்டுவர வேண்டாம்.
* குரோம் பிரவுசரின் டெவ்டூல்ஸில், நெட்வொர்க் வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். பிராசஸர் வேகத்தைக் குறைக்கவும் வழி உண்டு. விலை குறைந்த போனில் உங்கள் சைட் எப்படித் திணறும் என்று அப்போது தெரியும்.
* ‘கேஷ் வேண்டாம்’ என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால், ஏற்கெனவே சேமித்த படங்களைக் காட்டி பிரவுசர் உங்களை ஏமாற்றும்.
* புரொஃபைலரே வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். அதனால் அது தரும் நேரத்தைவிட, எது எதைவிட அதிகம் என்ற வரிசையைக் கவனியுங்கள்.

பேட்ரியானில் நடந்தது என்ன?

கலைஞர்களுக்கு ரசிகர்கள் மாதாமாதம் பணம் அனுப்ப உதவும் அமெரிக்க இணையதளம் பேட்ரியான். 2015 செப்டம்பர் இறுதியில் அதற்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். பொதுமக்கள் பார்க்கும் நிலையில் இருந்த, வெப்சைட்டின் டீபக் பதிப்பு வழியாக இது நடந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. சுமார் 15 ஜிபி தகவல் இணையத்தில் கசிந்தது. அதில் 23 லட்சத்துக்கும் அதிகமான இமெயில் முகவரிகள் இருந்தன.

ஸ்வீடனைச் சேர்ந்த டிடெக்டிஃபை என்ற பாதுகாப்பு நிறுவனம், அங்கே திறந்து கிடந்தது ‘வெர்க்சூக்’ டீபக்கர் என்றும், சம்பவத்துக்குச் சில நாட்கள் முன்பே இதுபற்றி எச்சரித்ததாகவும் தெரிவித்தது.

வெர்க்சூக் என்பது ஃபிளாஸ்க்குக்கு அடித்தளமான மென்பொருள். பிழை வந்தால் அதன் டீபக்கர், பிரவுசரிலேயே பைத்தான் கட்டளைகளை டைப் செய்யும் வசதியைத் தருகிறது. அந்தக் கட்டளை ஓடுவது சர்வரில். லோக்கலில் டைப் செய்வது நீங்கள் மட்டுமே என்பதால் இது வரப்பிரசாதம். இணையத்தில் திறந்திருந்தால், வருகிற எவரும் சர்வரின் சொந்தக்காரர்தான். இன்று இதற்கு ஒரு பின் எண் தடுப்பு இருக்கிறது. ஆனாலும், அதை நம்பி டீபக்கரைப் பொதுவில் விட வேண்டாம் என்றே அதன் வழிகாட்டி சொல்கிறது.

டீபக் மோடை எப்படிப் பூட்டுவது?

* டீபக் ஆன், ஆஃப் என்பதைக் கோடுக்குள் எழுத வேண்டாம். என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள். எதுவும் குறிப்பிடாவிட்டால் ‘ஆஃப்’ என்று இருக்க வேண்டும்.
* 0.0.0.0 என்று கொடுத்து சர்வரை ஓட்டினால், அதே வைஃபையில் இருப்பவர்களும் அதை எட்ட முடியும். வீட்டில் உங்கள் போனில் சோதிக்க இது உதவும். காபி ஷாப்பில் வேண்டாம்.
* என்கிராக் போன்ற கருவிகள் லோக்கல் சர்வருக்கு இணையத்திலிருந்து ஒரு லிங்க் போட்டுத் தரும். கிளையன்ட்டுக்கு டெமோ காட்டும் முன் டீபக்கை அணையுங்கள். முடிந்ததும் லிங்க்கை மூடுங்கள்.
* லைவ் சைட்டில் இல்லாத ஒரு முகவரியை வேண்டுமென்றே டைப் செய்து பாருங்கள். ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று மட்டும் வந்தால் நல்லது. ஃபைல் பெயர்களும் கோட் வரிகளும் செட்டிங்ஸும் வந்தால், டீபக் மோட் இன்னும் ஆனில் இருக்கிறது. அன்றைக்கு முதல் வேலையாக அதை அணையுங்கள்.