ஊர்ப்பள்ளியும் பல்கலைக்கழகமும்



துணைவேந்தர் என்றதும் ஆராய்ச்சி நூல்களும் பட்டமளிப்பு விழாவுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளியின் ஓட்டைக் கூரையைப் பற்றியும், அதன்கீழ்ப் பசியோடு அமர்ந்திருக்கும் குழந்தையைப் பற்றியும் அவர் எதற்காகக் கவலைப்பட வேண்டும் என்று நீங்கள் வினவலாம். அவ்வினாவுக்குத் தக்க விடையாக அமைந்தது திரு. நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் வாழ்க்கை.

நான் வாழும் அணுபுரம், கல்பாக்கம் அணுசக்தி நிலையங்களில் பணிபுரிவோர்க்கென அமைந்த குடியிருப்பு. இங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி அருகிலேயே உண்டு. நாடு விடுதலை பெற்ற காலத்தில் சிற்றூர்ப் பிள்ளைகள் பலருக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அத்தகைய சிற்றூராகிய நெய்யாடுபாக்கத்தில், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில், 1912ஆம் ஆண்டு பிறந்தவர் சுந்தரவடிவேலு. அவ்வூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, கல்வித் துறையில் புகுந்து, 1954இல் பொதுக் கல்வி இயக்குநரானார். அப்போது முதலமைச்சராக இருந்தவர் காமராசர்.

பள்ளியைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? பசித்த பிள்ளை பாடத்தில் மனம் செலுத்துமா? இவ்வெண்ணத்தால் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. முதலில் ஊராரின் கொடையே அதற்கு ஆதாரம். பின்னர், ஒரு வேளை உணவுக்கு 10 காசு என்று கணக்கிட்டு, 6 காசை அரசும் 4 காசை ஊராரும் ஏற்றனர்.

அடுத்தது பள்ளிச் சீரமைப்பு இயக்கம். பள்ளிக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட்டு ஊராரிடம் வைப்பார்கள். ஒருவர் பலகை தருவார். ஒருவர் கடிகாரம் தருவார். வசதியுள்ளவர் கட்டடமே எழுப்பித் தருவார். இதற்கான முதல் மாநாடு 1958இல் கடம்பத்தூரில் நடந்தது. ‘இஃது அரசின் கடமையன்றோ?’ என்று கேட்பாருண்டு. கடமைதான். ஆயினும் தான் கொடுத்த பலகை இருக்கும் பள்ளியை ஊரான் தன் பள்ளி என்று கருதுவான். தன் பிள்ளையையும் அங்கே அனுப்புவான்.

இவை யாவும் ஆசிரியரின் கால்நடையால் நிறைவேறியவை. வீடு வீடாகச் சென்று கேட்டவர் அவரே. உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கு ஓய்வூதியமும் சேமநிதியும் காப்பீடும் ஒருங்கே கிடைக்க 1955இல் வழி பிறந்ததை இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். முதுமையைப் பற்றிய அச்சம் நீங்கினாலன்றி ஆசிரியர் தம் மனத்தை முழுவதும் மாணவர்பால் செலுத்த இயலாது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியனாகிய நான் இதன் அருமையை நன்கறிவேன்.

இத்தகைய அனுபவத்தோடுதான் அவர் 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். கல்லூரி வாயிலுக்கு வரும் மாணவன் முதல் வகுப்பிலேயே நின்றுவிடாமல் காக்கப்பட்டவன் என்பதை அவரினும் நன்கறிந்தவர் யார்? ‘நினைவு அலைகள்’ என்னும் தம் வரலாற்றையும் எழுதி வைத்து, 1993இல் மறைந்தார்.

ஆசிரியப் பயிற்சிக்கென 1856இல் தோன்றிய நிறுவனமே இன்றைய சைதாப்பேட்டைக் கல்லூரி. அத்துறைக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே 2008இல் நம் மாநிலத்தில் நிறுவப்பட்டது. வாயில் அகலத் திறந்திருக்கிறது. எனினும் வேறெதுவும் கிட்டாதபோது கொள்ளும் தொழிலாக ஆசிரியப் பணியைக் கருதுவோர் இன்றும் உளர். உங்களுள் ஆற்றல் மிக்கோர் சிலரேனும் அதனை விரும்பி ஏற்க வேண்டும். அதற்கு முன்னர், நீங்கள் பயின்ற தொடக்கப் பள்ளிக்கு ஒருமுறை சென்று, அங்கு என்ன குறை என்று கேட்டு வாருங்கள்.