ஷெரிப்பும் டவுன்ஷிப்பும்: ஒப்பந்தக் காவல் முறை – ஒரு விளக்கம்

நம் சங்கத்தில் அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் பல. அங்கே ஆறு மாதம் தங்கிவிட்டுத் திரும்பும் பெற்றோர் சொல்லும் செய்திகளில் ஒன்று: "எங்க பையன் இருக்கிற ஊருக்குன்னு சொந்தமா போலீசே கிடையாதுங்க. ஷெரிப் ஆளுங்கதான் வர்றாங்க. அதுக்கு ஊர் பணம் கட்டுதாம்." கேட்கிறவர்களுக்கு வியப்பு. அரசாங்கப் போலீசை விலை பேசி அமர்த்த முடியுமா? அமர்த்தினால் அவர்கள் யார் சொல்லைக் கேட்பார்கள்?

நான் சட்டம் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வடக்கே வந்து, ஜவுளிக் கடையில் பேரேடு எழுதிப் பழகியவன். எந்த ஒப்பந்தமானாலும் வியாபாரி மூன்று விஷயம் பார்ப்பான்: சரக்கு என்ன, விலை என்ன, சரக்கு சரியில்லை என்றால் யாரைக் கேட்பது. அந்த மூன்றையும் வைத்தே இம்முறையை விளக்க முற்படுகிறேன்.

ஷெரிப் என்பவர் யார்?

மும்பை, கொல்கத்தா வாழ் தமிழர்களுக்கு ஷெரிப் என்றால் ஊர்ப் பெரியவருக்குக் கொடுக்கப்படும் கௌரவப் பதவி என்றுதான் தெரியும். அமெரிக்க ஷெரிப் வேறு ரகம். பழைய ஆங்கிலத்தில் 'ஷயர்' என்றால் மாவட்டம், 'ரீவ்' என்றால் மேற்பார்வையாளன். இரண்டும் சேர்ந்து மருவியதே ஷெரிப். அங்கே கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. அதன் காவல் தலைவரான ஷெரிப்பைப் பெரும்பாலான மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மிச்சிகன் மாநிலத்தில் அது அரசியல் சட்டப்படியான பதவி. காலம் 4 ஆண்டு.

டவுன்ஷிப் என்பது கவுண்டிக்குள் ஒரு சிறு நிர்வாகப் பகுதி. 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி 6 மைலுக்கு 6 மைல், அதாவது 36 சதுர மைல் என்று கட்டம் கட்டமாக அளந்தார்கள். அன்று வயலும் காடுமாக இருந்த கட்டங்களில் இன்று வீடுகளும் கடைவீதிகளும் நிறைந்துவிட்டன. ஜனம் பெருகினால் காவலும் பெருக வேண்டுமல்லவா?

லேக்வுட் காட்டிய வழி

இம்முறைக்குப் புகழ் தேடித் தந்த ஊர் கலிபோர்னியாவின் லேக்வுட். 1950-இல் தொடங்கி மூன்றே ஆண்டுகளில் சுமார் 17,500 வீடுகள் அங்கே எழும்பின. பக்கத்துப் பெரிய நகரமான லாங் பீச், இந்தக் குடியிருப்பைத் தன்னோடு இணைத்துக்கொள்ளப் பார்த்தது. ஊரார் இசையவில்லை. 1954-இல் தனி நகரமானார்கள். ஆனால் போலீஸ், தீயணைப்பு என்று எல்லாவற்றையும் புதிதாக உண்டாக்கப் பணத்துக்கு எங்கே போவது? லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியிடமே அச்சேவைகளை ஒப்பந்தம் பேசி வாங்கினார்கள். இதற்கு 'லேக்வுட் திட்டம்' என்றே பெயராகிவிட்டது. இன்று அந்தக் கவுண்டியின் 88 நகரங்களில் 42 நகரங்களுக்கு ஷெரிப் துறைதான் ஒப்பந்தக் காவல்.

சரக்கும் விலையும்

ஒப்பந்தம் இல்லாத இடத்திலும் ஷெரிப்புக்குப் பொறுப்பு உண்டு. சிறைச்சாலை, கோர்ட் காவல் போன்றவற்றை அவர் கவுண்டி முழுமைக்கும் பார்த்தாக வேண்டும். பணம் கட்டும் ஊருக்குக் கூடுதலாகக் கிடைப்பது அந்த ஊருக்கென்றே ஒதுக்கப்பட்ட ஆளும் காரும். இரவு பகல் ரோந்து. கூப்பிட்டால் பக்கத்திலிருந்தே வரும் உதவி.

விலையைப் பார்ப்போம். ஒரு ரோந்துக் கார் வருஷம் முழுக்க ஓயாமல் ஓட வேண்டுமானால் 365 நாள், 24 மணி. ஆக 8,760 மணி நேரம். வாரம் 40 மணி வீதம் ஒரு டெபுடிக்கு வருஷத்தில் 2,080 மணிதான். வகுத்தால் 4-க்கு மேல். லீவு, நோய், பயிற்சி எல்லாம் கழித்தால் ஏறக்குறைய 5 ஆள். "ஒரு கார்தானே" என்று நினைப்பவருக்கு ஐந்து சம்பளம் வருவது இப்படித்தான். இதன்மேல் ஓய்வூதியம், வைத்தியக் காப்பீடு, கார், ரேடியோ, மேலதிகாரியின் மேற்பார்வை ஆகியவற்றின் பங்கும் ஏறும்.

இந்தப் பணத்துக்கு மிச்சிகனில் பல டவுன்ஷிப்கள் வாக்காளரின் ஒப்புதல் பெற்று 'மில்' என்னும் சொத்து வரி போடுகின்றன. ஒரு மில் என்பது வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். வரி மதிப்பு சந்தை விலையில் பாதியைத் தாண்டாது. உதாரணமாக, 2,00,000 டாலர் வீட்டுக்கு மதிப்பு 1,00,000 என்று வைத்தால், 3 மில்லுக்கு வருஷம் 300 டாலர். வரி எதற்கு என்று தெரிந்துதான் ஓட்டுப் போடுகிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

யாரைக் கேட்பது?

சிக்கல் இங்கேதான். பணம் கட்டுவது டவுன்ஷிப் மன்றம். விலை வைப்பது கவுண்டி மன்றம். ஆளை நியமிப்பதும் தண்டிப்பதும் ஷெரிப். டெபுடி ஒருவர் முறைகேடாக நடந்தால் டவுன்ஷிப் மன்றம் அவரை வேலையை விட்டு நீக்க முடியாது. மாற்றித் தரும்படி கேட்கலாம், அவ்வளவுதான். ஷெரிப்பைத் தேர்ந்தெடுப்பதோ கவுண்டி முழுவதும். அதில் நம் டவுன்ஷிப்பின் ஓட்டு ஒரு சிறு பங்கு.

விலையிலும் தகராறு வரும். ஆன் ஆர்பர் நகரம் உள்ள வாஷ்டினா கவுண்டியில், விலையேற்றம் தாளாமல் 2006-இல் இப்சிலாண்டி உள்ளிட்ட மூன்று டவுன்ஷிப்கள் கவுண்டி மேல் வழக்குப் போட்டன. பல ஆண்டு இழுத்த வழக்கு கவுண்டிக்கே சாதகமாக முடிந்தது. விற்பவர் ஒருவரே என்றால் வாங்குகிறவன் பேரம் பேசுவது எப்படி?

விட்டு விலகலாமே என்பீர்கள். சொந்தப் போலீசைக் கலைப்பது சுலபம், திரும்ப உண்டாக்குவது கஷ்டம். கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரம் 2000-இல் தன் போலீசைக் கலைத்து ஷெரிப்பிடம் ஒப்படைத்தது. பத்து வருஷம் கழித்து மறுபடி உண்டாக்க முயன்றது, கைகூடவில்லை. மிச்சிகனின் போன்டியாக் நகரமும் பண நெருக்கடியில் 2011-இல் ஓக்லண்ட் கவுண்டி ஷெரிப்பிடம் போய்ச் சேர்ந்தது. விரும்பி வாங்குவது ஒன்று, வேறு வழியில்லாமல் வாங்குவது ஒன்று. லேக்வுட்டையும் போன்டியாக்கையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் 1970-களில் போலீஸ் துறைகளை ஆராய்ந்தவர். ரோந்து போன்ற வேலைகளைச் சிறிய துறைகளே நன்றாகச் செய்கின்றன, தடய ஆய்வுக்கூடம் போன்றவற்றுக்குப் பெரிய அமைப்பு தேவை என்று அவர் கண்டார். தெருவில் நடப்பவனுக்கு ஊர் முகம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதானே நம் அனுபவமும்!

நமக்குப் புதிதா?

முற்றிலும் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்க்காவலுக்கான வரி 'பாடிகாவல்' என்று வருகிறது. 1861-ஆம் ஆண்டு இந்தியப் போலீஸ் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தனியார் தம் செலவில் கூடுதல் போலீசை அமர்த்திக்கொள்ள இடம் தந்தது. அந்தப் போலீசும் அதிகாரிக்கே கட்டுப்பட்டவர். பணம் தந்தவர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து விலகிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எங்கள் பஜாரில் கூர்க்காவுக்கு மாதாமாதம் கடைக்குக் கடை வசூல் நடக்கிறது. அவர் விசில் ஊதாத இரவு, மறுநாள் காலையே கேட்டுவிடுகிறோம். லத்தியும் துப்பாக்கியும் கைது செய்யும் அதிகாரமும் உள்ளவரை அப்படிக் கேட்க முடியாது. பணம் தந்தவன் சொற்படி அவர் ஆடவும் கூடாது. ஆகவே ஒப்பந்தக் காவலை ஏற்கும் ஊர், கையெழுத்துப் போடுமுன் மூன்று சரத்துகளை எழுத்தில் வாங்க வேண்டும்: விலை ஏறும் விதம், குறை சொன்னால் ஆளை மாற்றும் விதம், விலகும் விதம். சிக்கனம் மட்டும் பார்த்துக் காவலை வாங்குகிற ஊர், கேட்கும் உரிமையைக் கூடவே விற்றுவிடக் கூடாது என்பதே என் துணிபு.